61 ஹோம் ரன்... ஒரு நட்சத்திரக் குறி... தலைமுடி கொட்டிய ரோஜர் மாரிஸின் கதை!

ஒரு சாதனையை முறியடித்தால் என்ன கிடைக்கும்? மாலை, மேளம், கைத்தட்டல்? 1961-ல் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் சாதனையை முறியடித்த ரோஜர் மாரிஸுக்குக் கிடைத்தது வேறு. மைதானத்தில் கேலிக் கூச்சல், கொத்துக் கொத்தாகக் கொட்டிய தலைமுடி, 'இது முழு சாதனை இல்லை' என்ற ஒரு முத்திரை. அந்த முத்திரையை அழிக்க 30 வருடங்கள் ஆயின. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அந்த ஒரு சீசனில் என்னதான் நடந்தது?

முதலில், ஹோம் ரன் என்றால் என்ன?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். நம்ம ஊர் சிக்ஸர் மாதிரிதான். பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டு, நான்கு பேஸ்களையும் ஹாயாகச் சுற்றி வரலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பேஸ்பாலில் ஒரு பேட்டருக்கு ஒரு ஆட்டத்தில் நான்கைந்து வாய்ப்புகள்தான் கிடைக்கும். அதனால் ஹோம் ரன் அபூர்வம். ஒரு சீசன் முழுக்க ஆடி 40 அடித்தாலே பெரிய ஆள்.

அந்தக் கணக்கில் 60 என்பது மலை உச்சி. 1927-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடிய பேப் ரூத் அந்த உச்சியைத் தொட்டார். அமெரிக்கர்களுக்கு ரூத் வெறும் ஆட்டக்காரர் இல்லை, கிட்டத்தட்ட ஒரு தேசியச் சின்னம். 1932-ல் ஜிம்மி ஃபாக்ஸ் 58 வரை வந்தார். 1938-ல் ஹாங்க் கிரீன்பெர்க் 58 வரை வந்தார். இருவராலும் 60-ஐத் தொட முடியவில்லை. 1948-ல் ரூத் இறந்த பிறகு அந்த எண்ணுக்கு ஒரு புனிதமே வந்துவிட்டது.

ஹோம் ரன் மழை பெய்த வருடம்

34 வருடங்கள் கழித்து வந்தது 1961. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டு பெரிய லீக்குகள். அதில் அமெரிக்கன் லீக் அந்த வருடம் 8 அணிகளிலிருந்து 10 அணிகளாகப் பெருகியது. ஒவ்வொரு அணியும் ஆடும் ஆட்டங்கள் 154-லிருந்து 162 ஆயின. இந்த 8 ஆட்ட வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த பிரச்னை எல்லாமே இதில்தான் தொடங்கியது.

அந்த சீசனில் 40-ஐத் தொட்டவர்கள் எட்டுப் பேர்.

* ரோஜர் மாரிஸ் (யாங்கீஸ்) - 61
* மிக்கி மேன்டில் (யாங்கீஸ்) - 54
* ஹார்மன் கில்லிப்ரூ (மின்னசோட்டா) - 46
* ஜிம் ஜென்டைல் (பால்டிமோர்) - 46
* ஒர்லாண்டோ செபேடா (சான் பிரான்சிஸ்கோ) - 46
* ராக்கி கொலவிட்டோ (டெட்ராய்ட்) - 45
* நார்ம் கேஷ் (டெட்ராய்ட்) - 41
* வில்லி மேஸ் (சான் பிரான்சிஸ்கோ) - 40

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. வில்லி மேஸ் ஏப்ரல் 30 அன்று மில்வாக்கியில் ஒரே ஆட்டத்தில் 4 ஹோம் ரன் விளாசினார். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த செபேடா, நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்தார்.

நார்ம் கேஷுக்கு அது வாழ்நாள் சீசன். அவருடைய பேட்டிங் சராசரி .361. அதன் பிறகு ஒரு சீசனில்கூட அதன் பக்கத்தில் அவர் வரவில்லை. பேட்டுக்குள் துளை போட்டு கார்க் அடைத்து ஆடியதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். விதிப்படி அது தப்பு.

ஜென்டைல் கதை இன்னும் சுவாரஸ்யம். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன் அடித்தால் அதற்கு 'கிராண்ட் ஸ்லாம்' என்று பெயர். ஒரே அடியில் 4 ரன். மே 9 அன்று ஒரே ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸில் ஒன்று, இரண்டாவது இன்னிங்ஸில் ஒன்று என அடுத்தடுத்து இரண்டு அடித்தார். அந்த வருடம் மொத்தம் 5.

சிநேகிதர்களைச் சண்டைக்காரர்களாக்கிய பத்திரிகைகள்

பட்டியலின் முதல் இரண்டு பெயரும் ஒரே அணி. மேன்டிலும் மாரிஸும் அடுத்தடுத்து பேட்டிங் பிடிப்பவர்கள். இருவர் பெயரும் 'எம்' எழுத்தில் தொடங்கியதால் 'எம் அண்ட் எம் பாய்ஸ்' என்று செல்லப் பெயர் வந்தது.

மேன்டில் 1951 முதல் யாங்கீஸ் ஆள். அந்த அணியிலேயே வளர்ந்தவர். பார்க்க சினிமா ஹீரோ மாதிரி இருப்பார். நாலு பேர் கூடினால் ஜோக் அடித்துச் சிரிக்க வைப்பார். மாரிஸ் நேர் எதிர். வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ என்ற ஊரில் வளர்ந்தவர். கூச்ச சுபாவம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதுவும் ஒரு வரியில். கான்சாஸ் சிட்டி அணியிலிருந்து 1959 டிசம்பரில்தான் யாங்கீஸுக்கு மாற்றப்பட்டார். 1960-ல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கியும், ரசிகர்களுக்கு அவர் 'வந்தவர்'தான். மேன்டில்தான் 'நம்ம வீட்டுப் பிள்ளை'.

'ரூத்தின் சாதனையை முறியடிக்கத்தான் வேண்டுமென்றால், மேன்டில் முறியடிக்கட்டும்' - நியூயார்க் ரசிகர்கள் பலருடைய மனநிலை இதுதான்.

இருவருக்கும் ஆகாது, பேச்சுவார்த்தையே இல்லை என்றெல்லாம் செய்திகள் வந்தன. உண்மையில் இருவரும் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரே அபார்ட்மென்ட்டில், சக ஆட்டக்காரர் பாப் செர்வ் உடன் தங்கியிருந்தார்கள்! மாரிஸின் மனைவியும் குழந்தைகளும் தொலைவில், மிசௌரி மாநிலத்தில் இருந்தார்கள். காலையில் எழுந்து பேப்பரைப் பிரித்து, தங்களுக்குள் நடக்கும் 'சண்டை'யைப் படித்துச் சிரிப்பது இந்த அறைத் தோழர்களின் வழக்கம்.

மேன்டில் செய்த உதவி இன்னொன்றும் உண்டு. ஆபத்தான பேட்டர் வந்தால், பிட்சர் வேண்டுமென்றே எட்டாத தூரத்தில் பந்துகளைப் போட்டு அவரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாம். அடிக்க வாய்ப்பே கொடுக்காமல் தப்பிக்கும் வழி இது. 61 ஹோம் ரன் அடித்த மாரிஸை அந்த சீசனில் இப்படி எத்தனை தடவை அனுப்பினார்கள் தெரியுமா? ஒரு தடவைகூட இல்லை. ஏனென்றால் அடுத்து வருபவர் மேன்டில்!

தொடக்கத்தில் ஒன்றே ஒன்று

ஏப்ரல் முடியும்போது மாரிஸின் கணக்கில் இருந்தது ஒரே ஒரு ஹோம் ரன். அதுவும் அணியின் 11-வது ஆட்டத்தில் அடித்தது. யாருக்கும் அவர் மேல் கண் இல்லை. பிறகுதான் வேகம் எடுத்தார். மே மாதம் 11, ஜூனில் 15, ஜூலையில் 13. ஜூலை முடிவில் மாரிஸ் 40, மேன்டில் 39.

ரூத்தின் 60 நிஜமாகவே ஆட்டம் காணத் தொடங்கியது. அப்போதுதான் உள்ளே வந்தார் ஃபோர்டு ஃப்ரிக்.

கமிஷனர் போட்ட குண்டு

ஃப்ரிக் அப்போது பேஸ்பாலின் கமிஷனர், அதாவது விளையாட்டின் தலைமை அதிகாரி. அதற்கு முன்பு பத்திரிகையாளர். அதற்கும் மேல், பேப் ரூத்தின் பெயரில் வெளிவந்த கட்டுரைகளை அவருக்காக எழுதிக் கொடுத்தவர், நெருங்கிய நண்பர்.

1961 ஜூலை 17 அன்று அவர் அறிவித்தார்: ரூத் காலத்தில் சீசனுக்கு 154 ஆட்டங்கள்தான். அதனால் முதல் 154 ஆட்டங்களுக்குள் 60-ஐத் தாண்டினால் மட்டுமே அது ரூத்தின் சாதனையை முறியடித்ததாகும். அதற்குப் பிறகு தாண்டினால், சாதனைப் புத்தகத்தில் தனி அடையாளத்தோடுதான் குறிக்கப்படும்.

பாதி ஓட்டப் பந்தயத்தில் கோட்டை நகர்த்தி வைத்த மாதிரி. அந்த அடையாளம் ஒரு நட்சத்திரக் குறியாக இருக்கலாம் என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர் சொல்ல, அந்த வார்த்தை மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஜூலை 17 அன்று பால்டிமோரில் நடந்த ஓர் ஆட்டத்தில் மாரிஸும் மேன்டிலும் ஆளுக்கொரு ஹோம் ரன் அடித்தார்கள். மழை வந்தது. ஆட்டம் பாதியில் ரத்து. இரண்டு ஹோம் ரன்களும் கணக்கில் சேரவில்லை!

கொத்தாக வந்த முடி

ஆகஸ்ட் முடிவில் மாரிஸ் 51, மேன்டில் 48. நாடே இந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் மாரிஸின் லாக்கரைச் சுற்றி நிருபர்கள் கூட்டம். 'இன்னிக்கு ஏன் அடிக்கவில்லை?', 'ரூத்தை முந்த உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?' என்ற ரீதியில் கேள்விகள், தினம் தினம். இன்றைக்கு மாதிரி பேட்டிகளை ஒழுங்குபடுத்த ஆள் கிடையாது. தனியாகவே சமாளித்தார். சலித்துப்போய் முகத்தில் அடித்த மாதிரி ஒரு பதில் சொன்னால், 'மாரிஸ் சிடுமூஞ்சி' என்று மறுநாள் செய்தி.

சொந்த மைதானத்திலேயே கேலிக் கூச்சல் எழுந்தது. வெறுப்பைக் கொட்டி கடிதங்கள் வந்தன. மன அழுத்தத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டி, தலையில் அங்கங்கே சொட்டை தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 27.

செப்டம்பர் இரண்டாம் பாதியில் மேன்டில் வழியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. ஊசி போட்ட இடத்தில் இடுப்பில் சீழ் பிடித்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. 54-ஓடு அவர் கணக்கு நின்றது. இனி மாரிஸ் மட்டும்.

154-வது ஆட்டம்

செப்டம்பர் 20. ஃப்ரிக் வைத்த கெடு முடியும் நாள். ஆட்டம் நடந்த ஊர் பால்டிமோர், பேப் ரூத் பிறந்த அதே ஊர்! மாரிஸ் கையில் 58. ரூத்தைச் சமன் செய்யவே இரண்டு வேண்டும்.

மூன்றாவது இன்னிங்ஸில் ஒன்று பறந்தது. 59. இன்னும் ஒன்று அடித்தால் ரூத்தோடு சமம். அடுத்து ஒரு பந்து மிக நீளமாகப் போனது. ஆனால் எல்லைக் கோட்டுக்கு வெளியே. கடைசி வாய்ப்பில் எதிரே பந்து வீசியவர் ஹோய்ட் வில்ஹெல்ம். காற்றில் தள்ளாடி வரும் 'நக்கிள்பால்' வீச்சில் அவர் கில்லாடி. மாரிஸ் பாதி சுழற்றிய பேட்டில் பட்ட பந்து சும்மா தரையில் உருண்டது. அவுட்.

அந்த இரவில் யாங்கீஸ் அணி லீக் பட்டத்தை உறுதி செய்தது. ஆனால் பேச்செல்லாம் '154-ல் முடியவில்லை' என்பதைப் பற்றித்தான்.

செப்டம்பர் 26 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் 60-வது. ரூத்தின் எண்ணைத் தொட்டாயிற்று. மறுநாள் என்ன செய்தார்? லீவு கேட்டார். இன்னும் ஒன்று அடித்தால் வரலாறு, கைவசம் சில ஆட்டங்களே பாக்கி. ஆனாலும் அன்று ஆடவில்லை. அவ்வளவு களைத்துப் போயிருந்தார்.

பாதிக்கூட நிரம்பாத மைதானம்

அக்டோபர் 1, ஞாயிறு. சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். நான்காவது இன்னிங்ஸில் டிரேசி ஸ்டாலார்டு வீசிய பந்தை மாரிஸ் வலப்பக்க ஸ்டாண்டுக்குள் தூக்கி அடித்தார். 61!

அன்று யாங்கீஸ் 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரே ரன்னும் மாரிஸ் அடித்ததுதான். ஆனால் சுமார் 67,000 பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் இருந்தவர்கள் 23,154 பேர். 34 வருட சாதனை உடைவதைப் பார்க்கப் பாதிக் கூட்டம்கூட வரவில்லை. '154 தாண்டிவிட்டது, இனி என்ன?' என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சக வீரர்கள்தான் அவரைப் பிடித்துத் தள்ளி, வெளியே போய்த் தொப்பியைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். மேன்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.

அந்தப் பந்தைப் பிடித்தவர் 19 வயது புரூக்ளின் இளைஞர், லாரி ஓட்டுநர். கலிஃபோர்னியாவில் உணவகம் நடத்திய ஒருவர், அந்தப் பந்துக்கு 5,000 டாலர் தருவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார். அந்த இளைஞர் பணத்தை நினைக்காமல் பந்தை மாரிஸிடமே நீட்டினார். மாரிஸ் வாங்கவில்லை. 'நீயே வைத்துக்கொள், நாலு காசு பார்' என்று சொல்லிவிட்டார். சிடுமூஞ்சி என்று எழுதப்பட்ட மனிதர்தான்!

குறை சொன்னவர்கள் சரியா?

'8 ஆட்டம் அதிகமாக ஆடினார்', 'புது அணிகளால் பிட்சர்களின் தரம் குறைந்துவிட்டது', 'யாங்கீ ஸ்டேடியத்தில் வலப்பக்க வேலி ரொம்பக் கிட்டே. இடக்கை பேட்டருக்கு அல்வா மாதிரி'. மாரிஸ் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் இவை. எண்களைப் பார்க்கலாம்.

1927-ல் ரூத் பேட்டோடு வந்து நின்றது 691 தடவை. 1961-ல் மாரிஸ் வந்து நின்றது 698 தடவை. மொத்த வித்தியாசமே 7 வாய்ப்புகள். மைதான விஷயம்? மாரிஸ் சொந்த மைதானத்தில் அடித்தது 30, வெளியூர்களில் அடித்தது 31. கிட்டே இருக்கும் வேலியை நம்பியவர் வெளியூரில் அதிகமாக அடிக்க முடியாது.

புது அணிகள் பற்றிய வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பிட்சர்களை எதிர்கொண்டவர் மாரிஸ் மட்டும் இல்லையே? அமெரிக்கன் லீக்கில் எல்லோரும் அவர்களைத்தான் எதிர்கொண்டார்கள். 61 அடித்தது ஒருவர்தான்.

சாதனைப் புத்தகத்தில் நட்சத்திரக் குறி உண்மையில் அச்சிடப்படவே இல்லை. அதற்குப் பதில் இரண்டு வரிகள் போட்டார்கள். '154 ஆட்ட சீசன்: ரூத் 60', '162 ஆட்ட சீசன்: மாரிஸ் 61'. ஒரே சிம்மாசனத்துக்கு இரண்டு ராஜா. அச்சில் இல்லாத அந்த நட்சத்திரம் கடைசி வரை மாரிஸைத் துரத்தியது.

பிறகு என்ன ஆனது?

அந்த வருடம் யாங்கீஸ் உலகத் தொடரை வென்றது. மாரிஸுக்கு மீண்டும் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. மாரிஸ், மேன்டில் இருவரும் சேர்ந்து அடித்த 115, ஒரே அணியின் இருவர் ஒரே சீசனில் அடித்த அதிகபட்சம். 

அதன் பிறகு மாரிஸ் 40-ஐக்கூடத் தொடவில்லை. காயங்கள் வாட்டின. 1966 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே 1967-ல் இன்னொரு உலகத் தொடர் வெற்றி. 1968-ஓடு ஓய்வு. ஃபுளோரிடாவில் பீர் விநியோகத் தொழில் பார்த்தார். ஏதோ தப்பு செய்துவிட்ட ஆள் மாதிரி தன்னை நடத்தினார்கள் என்ற வருத்தத்தைப் பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார்.

1984-ல் யாங்கீஸ் அவரை அழைத்து, அவர் அணிந்த 9-ம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கௌரவித்தது. அடுத்த வருடம், 1985 டிசம்பர் 14 அன்று, புற்றுநோயால் இறந்தார். வயது 51.

1991-ல்தான் அப்போதைய கமிஷனர் ஃபே வின்சென்ட் தலைமையிலான குழு, இரண்டு வரிகளை ஒன்றாக்கியது. சாதனை ஒன்றே, அது மாரிஸின் 61. இறந்து ஆறு வருடங்கள் கழித்து வந்த தீர்ப்பு.

பட்டியலில் இன்னொருவருக்கும் தாமதமாக ஒரு நியாயம் கிடைத்தது. அணிக்கு அதிக ரன் சேர்த்துக் கொடுத்தவர் என்ற பட்டம் 1961-ல் மாரிஸுக்குப் போயிருந்தது: மாரிஸ் 142, ஜென்டைல் 141. பழைய ஆட்டக் குறிப்புகளைத் துருவி ஆராய்ந்ததில், மாரிஸுக்கு ஒன்று தவறாகக் கூட்டப்பட்டது தெரிந்தது. இருவரும் சமம்! முதலிடம் பிடித்தால் 5,000 டாலர் போனஸ் என்று ஜென்டைலுக்கு அன்றைய அணி நிர்வாகம் சொல்லியிருந்தது. 2010-ல் பால்டிமோர் அணி அந்தக் காசோலையைக் கொடுத்தது. 49 வருடம் தாமதமான போனஸ்!

61 வருடம் நின்ற 61

1998-ல் மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 என்று மாரிஸைத் தாண்டினார்கள். மெக்வயர் 62-ஐ அடித்த இரவில், ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த மாரிஸின் பிள்ளைகளைப் போய்க் கட்டிப்பிடித்தார். 2001-ல் பேரி பாண்ட்ஸ் 73 அடித்தார். ஆனால் அந்தக் காலகட்டத்தின் மீதே ஊக்கமருந்து நிழல் விழுந்தது. 2010-ல் தான் ஊக்கமருந்து எடுத்ததை மெக்வயரே ஒப்புக்கொண்டார்.

அவர்கள் மூவரும் ஆடியது நேஷனல் லீக்கில். அமெரிக்கன் லீக்கில் மாரிஸின் 61 அசையாமல் நின்றது. 2022 அக்டோபர் 4 அன்று அதைத் தாண்டி 62-வது அடித்தவர் ஆரன் ஜட்ஜ். அவரும் யாங்கீஸ் ஆள்தான், மாரிஸ் நின்ற அதே வலப்பக்க ஃபீல்டர்தான். சாதனை நெருங்கிய நாட்களில் ஊர் ஊராக அவர் பின்னால் போய் ஆட்டம் பார்த்தவர் ரோஜர் மாரிஸ் ஜூனியர். அப்பாவின் சாதனை உடைவதைப் பார்த்துக் கைத்தட்டத்தான் அந்தப் பயணம். 1961-ல் அடித்த 61, சரியாக 61 வருடங்கள் நின்றிருந்தது.

1961-ல் 40-ஐத் தொட்ட அந்த எட்டுப் பேரில் மேன்டில், கில்லிப்ரூ, செபேடா, மேஸ் நால்வருக்கும் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. அவர் 61-வது அடித்த பந்தும் அங்கே போய்ச் சேர்ந்தது. முதலிடம் பிடித்த மாரிஸுக்கு இன்னும் இடம் இல்லை. மொத்த வாழ்க்கையிலும் 275 ஹோம் ரன்தான் அடித்தார், அது போதாது என்பவர்களும் உண்டு. அந்த ஒரு வருடமே போதும் என்பவர்களும் உண்டு. வாதம் இன்றும் ஓயவில்லை.

ஃபார்கோவில் இருக்கும் அவர் கல்லறைக் கல்லில் 61 என்ற எண் இரண்டு தடவை செதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று ஹோம் ரன், இன்னொன்று வருடம். கூடவே, எல்லாத் தடைகளையும் மீறி என்ற பொருள் தரும் மூன்று சொற்கள். நட்சத்திரக் குறி எதுவும் அங்கே இல்லை.